பார்பரா ஸ்டான்விக்கின் நடிப்பைப் பார்க்கப் பழகுவது எப்படி?

பழைய ஹாலிவுட் நடிப்பு மிகையானது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பார்பரா ஸ்டான்விக்கைத்தான். 1907-இல் புரூக்ளினில் ரூபி ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் பிறந்து, பதின்ம வயதிலேயே மேடை நடனக் குழுவில் ஆடிப் பிழைத்தவர். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்கு நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட வெல்லவில்லை. 1982-இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது.

படி 1: குரலைக் கேளுங்கள்

கால வரிசையை மறந்துவிட்டு, 1941-இல் வந்த 'தி லேடி ஈவ்' படத்திலிருந்து தொடங்குங்கள். கப்பலின் உணவுக்கூடத்தில், சீட்டாட்ட மோசடிக்காரியான நாயகி கைக்கண்ணாடி வழியாக நாயகன் ஹென்றி ஃபோண்டாவை வேவு பார்க்கிறாள். அவரை மயக்க முயலும் பெண்கள் ஒவ்வொருவரும் என்ன பேசுவார்கள் என்று தானே சொல்லிக்கொண்டு போகிறாள். இக்காட்சியில் முதலில் திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். கேலி, கணக்கு, மெல்லிய ஆசை என்று குரல் எங்கெங்கே நிறம் மாறுகிறது என்பது பிடிபடும். பிறகு படத்தோடு பாருங்கள். அவர் கடந்து போகும்போது காலை நீட்டி விழவைக்கிறாளே, அந்த அலட்சியத்தை ரசிக்காமல் மேலே போகாதீர்கள்.

படி 2: ஒலியை நிறுத்துங்கள்

அடுத்தது இயக்குநர் பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' (1944). கொலைகாரி வேடம் என்பதால் ஸ்டான்விக் முதலில் தயங்கிய படம். பொன்னிறப் பொய்முடியும் கணுக்கால் சங்கிலியும் அந்தப் பெண்ணின் போலித்தனத்தை முன்பே சொல்லிவிடும். காரில் பக்கத்து இருக்கையில் கணவன் கொல்லப்படும்போது, கேமரா வண்டி ஓட்டும் இவர் முகத்திலேயே நிற்கிறது. ஒலியில்லாமல் அதைப் பாருங்கள். கொலை திரையில் இல்லை. ஆனாலும் முழுவதும் அந்தக் கண்களில் நடந்து முடிகிறது. இவர் நடித்ததிலேயே ஆகச் சிறந்த தருணம் இதுதான் என்பேன்.

படி 3: உடையை மறந்து பாருங்கள்

'ஸ்டெல்லா டல்லாஸ்' (1937) முதல் ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. பகட்டான உடையணியும் ஏழைக் குடும்பத்துத் தாய். இரவு ரயிலில் தன்னை மற்றவர்கள் ஏளனமாகப் பேசுவதைக் கேட்டுவிடுகிறாள், மகளும் கேட்டுவிடுகிறாள். மகள் அருகில் வரும்போது தூங்குவதுபோலப் பாசாங்கு செய்கிறாள். பகட்டு எதுவும் துணைக்கு வராத இடத்தில், அசையாமல் படுத்தபடியே நம்மைக் கலங்கடிக்கிறார்.

படி 4: தொடக்கத்துக்குத் திரும்புங்கள்

இப்போது 1930-இன் 'லேடீஸ் ஆஃப் லெஷர்'. முதல் டேக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார், அடுத்தடுத்த டேக்குகளில் அது வற்றிவிடும் என்று இயக்குநர் ஃபிராங்க் காப்ரா கண்டுகொண்டார். அதனால் இவரைத் தவிர்த்து மற்றவர்களுக்கு ஒத்திகை வைத்து, ஒரே நேரத்தில் பல கேமராக்களில் படமாக்கினார்.

இந்த நான்கும் பிடித்திருந்தால் வெஸ்டர்ன் எனப்படும் கௌபாய் படங்களுக்குப் போகலாம். 1957-இன் 'ஃபார்ட்டி கன்ஸ்' படத்தில் நாயகியைக் குதிரை தரையில் இழுத்துச் செல்லும் காட்சியில், ஐம்பதை நெருங்கிய வயதில், டூப் இல்லாமல் இவரே நடித்திருக்கிறார்.