சோறு வேறு, பால் வேறு: கற்றாழையைத் தலைக்குத் தேய்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோற்றுக் கற்றாழை என்ற பெயரிலேயே பாதிச் செய்தி அடங்கியிருக்கிறது. மடலின் பச்சைத் தோலுக்குள் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் சதையைத்தான் நம் முன்னோர் சோறு என்று அழைத்தனர். ஆனால் தோலுக்கும் சோற்றுக்கும் இடையில், மெல்லிய அடுக்கொன்றில், கசப்பும் நெடியும் கொண்ட மஞ்சள் நிறப் பால் ஒன்றும் இருக்கிறது. முடிக்கு வேண்டியது சோறு மட்டுமே. தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களில் கொல்லைக் கிணற்றடியில் ஒன்றும், திருஷ்டிக்காக வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டியது ஒன்றுமாகக் கற்றாழை எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால், அதை ஒடித்த கையோடு தலையில் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. வீட்டுத் தலைமுடிப் பராமரிப்பில் நேரும் கோளாறுகளில் பலவும் அந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன.

என் அனுபவமும் அப்படித் தொடங்கியதுதான். கல்லூரியில் படித்த நாட்களில், கும்பகோணத்திற்கு அருகிலுள்ள அத்தை வீட்டுக் கொல்லையில் ஒரு மடலை ஒடித்து, நடுவில் பிளந்து, அப்படியே உச்சியிலிருந்து பிடரி வரை தேய்த்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் பின்கழுத்து அரிக்கத் தொடங்கியது. மறுநாள் காதோரம் சிவந்து தடித்துவிட்டது. தோளில் போட்டிருந்த வெள்ளைத் துண்டில் சொட்டிய மஞ்சள் துளிகள் காய்ந்து செம்பழுப்புக் கறையாகி, எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. “பால வடியவிடாமலா தேச்சுக்கிட்ட? அதான் அரிக்குது” என்றார் அத்தை, துண்டைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பாலில் அலோயின் முதலிய வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அதைச் சுண்டவைத்துக் கட்டியாக்கியதைத்தான் நாட்டு மருந்துக் கடைகளில் கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் விற்கிறார்கள். அது கடுமையான பேதி மருந்து என்பதை நினைத்துப் பார்த்தால், மென்மையான தோலில் அது ஏன் எரிகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பாலை நீக்குவது கடினமான வேலை அன்று, பொறுமைதான் வேண்டும். மடலைத் தண்டோடு ஒட்டிய இடத்தில் கூரான கத்தியால் அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு சொம்பிலோ உயரமான டம்ளரிலோ அரை மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். சொம்பின் அடியில் தேங்கும் மஞ்சள் துளிகள் பெரும்பாலும் ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. ஆனாலும் அரிப்பை உண்டாக்க அது தாராளமாகப் போதும். பிறகு மடலைக் கழுவி, அடிப்பகுதியை இரண்டு விரற்கடை அளவு நறுக்கி எறிந்துவிட்டு, இருபுற முள் ஓரங்களையும் சீவி, தட்டையான பக்கத்துத் தோலை மீன் செதுக்குவது போலக் கத்தியைப் படுக்கவைத்து உரிக்க வேண்டும். இந்த இடத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். சோறு வீணாகிவிடக் கூடாதே என்று கரண்டியால் தோலின் உட்புறத்தை அழுத்திச் சுரண்டும்போது, வடியாமல் எஞ்சியிருந்த பாலும் சோற்றோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. தோலோடு ஒட்டிய மெல்லிய படலத்தை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. மடலைத் தோலுடன் துண்டுபோட்டு மிக்சியில் அடிப்பது இதைவிட மோசமானது; அவ்வாறு செய்தால் பாலை வடித்த உழைப்பில் பாதி வீண்.

சோற்றை ஏழு முறை கழுவ வேண்டும் என்பது நம் பாட்டிமார் சொல்லும் கணக்கு. உள்ளுக்குச் சாப்பிடுவதற்கு அந்தக் கணக்கு பொருந்தும். தலைக்குத் தேய்ப்பதற்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. முடியை வழவழப்பாக்கிச் சிக்கெடுக்க உதவுவது சோற்றிலுள்ள கொழகொழப்புதான். ஏழு முறை அலசினால் அதில் பெரும்பங்கு தண்ணீரோடு போய்விடும். மஞ்சள் சாயலும் நெடியும் மறையும் வரை இரண்டு மூன்று முறை அலசினால் போதுமானது.

செடியையே மாற்றிப் பறிப்பவர்களும் உண்டு. ரயில் பாதை ஓரங்களிலும் வேலியோரங்களிலும் ஆளுயரத்துக்கு வளரும் ஆனைக் கற்றாழை, பெயரில்தான் கற்றாழை. அது வேறு இனம். அதன் மடல் நாராலானது, நுனியில் ஊசி போன்ற முள் இருக்கும், சாற்றில் ஊசி வடிவப் படிகங்கள் இருப்பதால் பட்ட இடமெல்லாம் கொப்புளிக்கும். மடலை அறுத்தால் தெளிந்த சோறு திரண்டு நிற்காமல் நார் நாராகப் பிரிந்தால், அதைத் தலைக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது.

சரியான செடியிலும் எந்த மடல், எந்தப் பருவம் என்று பார்க்க வேண்டும். நடுக்குருத்தை ஒட்டிய இளமடல்களில் சோறு குறைவு. கீழ்வரிசையில் வெளிப்புறமாகச் சாய்ந்த தடித்த மடல்களே ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் களிமண்ணில் நீர் தேங்கிக் கற்றாழையின் அடி அழுகத் தொடங்கும். அந்நாட்களில் கீழ்மடல்கள் பழுத்து, அழுத்தினால் அமுங்கி, புளித்த வாடை வீசும். “எப்படியும் போகப்போகிற மடல்தானே, தலைக்குத் தேய்த்துக்கொள்வோம்” என்று அதை எடுப்பது சிக்கனம் போலத் தோன்றினாலும், அழுகலில் பெருகிய கிருமிகளைத் தலையில் ஏற்றிக்கொள்வதாகவே முடியும். வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய செடியையும் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் சாலைப் புழுதியும் குங்குமமும் படிந்து வாடிக்கிடக்கும் மடலில் எடுப்பதற்குச் சோறும் இருக்காது.

எடுத்த சோற்றை வைத்திருக்கும் விதத்தில் நேரும் பிழை இன்னும் பரவலானது. கற்றாழைச் சோற்றில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் சர்க்கரைச் சங்கிலிகளும் பிறவும். ஈரமும் உணவும் ஒருங்கே கிடைத்தால் கிருமி வளராமல் என்ன செய்யும்? வடித்த சோற்றை இரவு முழுவதும் வெளியில் வைத்தால் என்ன ஆகும் என்பது நெல் விளையும் மண்ணில் பிறந்த எவருக்கும் தெரியும். அது கெடாமலிருக்க நீரூற்றி வைக்கும் நாம், கற்றாழைச் சோற்றை மட்டும் குளியலறை மாடத்தில் ஒரு வாரம் விட்டுவைக்கிறோம். குளிர்சாதனப் பெட்டியில், மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் நான்கைந்து நாள் இருக்கும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு மாதம் வரை வைத்து, வேண்டும்போது ஒரு கட்டியை மட்டும் எடுத்துக் கரைத்துக்கொள்ளலாம். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியதையும், புளித்த வாடை வருவதையும் கொட்டிவிட வேண்டும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துக் கலந்தால் கெடாது என்ற நம்பிக்கை எங்கிருந்தோ பரவியிருக்கிறது. வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். பூஞ்சையையோ பாக்டீரியாவையோ அது தடுப்பதில்லை.

கற்றாழை எண்ணெய் காய்ச்சுபவர்களுக்கும் இதே தண்ணீர்தான் எதிரி. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தேங்காயில் ஆட்டிய எண்ணெயைச் சூடாக்கி, அரைத்த சோற்றை அதில் ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெய் தெறித்துக் கையைச் சுடும். எண்ணெய் சூடாவதற்கு முன்பே சோற்றைக் கலந்து, சிறு தீயில் வைத்துக் கிளறுவதே பாதுகாப்பு. நுரை அடங்கி, சடசடப்பு நின்று, அடியில் தங்கும் கசண்டை விரலிடுக்கில் உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். இதை மெழுகுப் பதம் என்பார்கள். அதையும் தாண்டி மணலாகிவிட்டால் எண்ணெய் கருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்காமல் அமைதியாக எரிய வேண்டும். வெடித்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சூடு ஆறும் முன் மூடிவிட்டால் மூடியில் வியர்க்கும் நீர் மீண்டும் எண்ணெயிலேயே சொட்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

இவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சிய எண்ணெயில் கற்றாழையின் குணம் முழுவதும் இறங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு தவறுதான். கொழகொழப்பைத் தரும் சர்க்கரைச் சங்கிலிகள் நீரில் கரைபவை, எண்ணெயில் கரைவதில்லை. அந்த எண்ணெயால் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதி தேங்காய் எண்ணெய்க்கே உரியது. தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய்களை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆகவே கற்றாழைச் சோற்றைத் தனியாகவும் எண்ணெயைத் தனியாகவும் பயன்படுத்துபவர்கள் எதையும் இழந்துவிடுவதில்லை.

கூடுதலாக எதையாவது கலந்தால்தான் பலன் வரும் என்று நினைப்பவர்கள் எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் கையில் எடுக்கிறார்கள். தலைத்தோலின் இயல்பான அமிலநிலை பி.எச். 5.5 அளவில் இருக்கிறது. கற்றாழைச் சோறு ஏறக்குறைய 4.5 என்பதால் அது தோலோடு ஒத்துப்போகிறது. சோடா அந்த ஒத்திசைவைக் கெடுத்து, முடியின் மேற்செதில்களைத் தூக்கிவிட்டு, முடியை முரடாக்குகிறது. எலுமிச்சை சொறிந்த புண்ணில் எரியும். சாறு வழிந்த நெற்றியோடு வயல்வெளி வெயிலில் நின்றால் தோல் கன்றிக் கறுத்துப் போகலாம். கற்றாழையோடு ஊறவைத்து அரைத்த வெந்தயமோ செம்பருத்தி இலையோ சேர்ப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் துணியில் வடிகட்டாவிட்டால் திப்பி முடியில் சிக்கி, அதைப் பிடித்து இழுப்பதிலேயே நாலு முடி உதிரும்.

நீண்ட நேரம் ஊறினால் நிறையப் பலன் என்பதும் தவறான கணக்கு. கற்றாழை காய்ந்ததும் தலையில் மெல்லிய ஏடாகப் படிந்து, பிறகு வெள்ளைச் செதிலாக உதிரும்; அதைப் பொடுகு என்று எண்ணி மறுநாளும் கற்றாழையைத் தேய்த்தவர்களை எனக்குத் தெரியும். அரை மணி நேரம், வாரத்திற்கு ஒன்றிரண்டு முறை என்பதே போதுமானது. வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் குழாய் நீர் உவர்ப்பாக இருப்பதால், அதில் சோப்புப் போட்டு அலசும்போது தலையில் பிசுக்குப் படியும். அந்தப் பழியையும் சில நேரம் கற்றாழை சுமக்கிறது.

முதல் முறை தேய்ப்பவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் பச்சை நிற ஜெல்லுக்கும் இது பொருந்தும். சோறு நிறமற்றது, அந்தப் பச்சை சாயத்தால் வந்தது, மணம் வாசனைப் பொருளால் வந்தது, அரிப்பு அவற்றாலும் வரலாம்.

கடைசியாக, கற்றாழையிடம் என்ன கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பொடுகு வகைத் தோலழற்சி உள்ள 44 பேரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கற்றாழைக் களிம்பு செதிலையும் அரிப்பையும் குறைத்தது. முடியை முளைக்கவைக்கும் என்பதற்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை. கடுங்காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதும், பிறகு சில மாதங்களில் தானாகவே வளர்வதும் உடலின் இயல்பு. இடையில் தேய்த்த கற்றாழைக்கு அந்தப் பெருமை போய்ச்சேர்கிறது. இது தீங்கற்ற மயக்கம். ஆனால் இரத்தச்சோகையாலோ தைராய்டுக் கோளாறாலோ உதிரும் முடிக்குக் கற்றாழையை மட்டுமே நம்பி ஆண்டைக் கடத்துவது அப்படியல்ல. காசு அளவுக்கு வட்டமாக முடி உதிரும் புழுவெட்டுக்கும் புழுவுக்கும் தொடர்பில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே முடிவேரைத் தாக்குவதால் வருவது அது. அந்த வட்டம் தென்பட்டால் மடலைத் தேடிக் கொல்லைக்குப் போகாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.