மோட்டார்ஹோம்ல டிவி பவர் வயரிங்க மாத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார்ஹோம்ல, அதாவது உள்ளயே தங்கிப் பயணம் போற வீடு மாதிரி வண்டில, பழைய டிவிய கழட்டிட்டு புதுசு மாட்டுறப்போ முக்கால்வாசி பேரோட கவனம் ஸ்க்ரீன் சைஸ் மேலயும் பிராக்கெட் மேலயும் தான் இருக்கும், பவர் வயர கடைசில பாத்துக்கலாம்னு விட்டுடுவாங்க. ஆனா டிவி போறதும் பேட்டரி செத்துப் போறதும் அந்தக் கடைசி வேலையில தான். ஏன்னா வண்டிக்குள்ள ஓடுற வயருக்கு கரண்ட் எங்கிருந்து வேணும்னாலும் வரலாம். லைட்டு பம்புக்கெல்லாம் இருக்கற ஹவுஸ் பேட்டரிலேர்ந்து வரலாம், இன்வெர்ட்டர்லேர்ந்து வரலாம், வெளில பிளக் சொருகினா மட்டும் வர்ற மெயின்ஸா (வீட்டுல வர்ற மாதிரி கரண்ட்) இருக்கலாம், இல்ல இன்ஜின் சாவிய வச்சு ஒரு ரிலே (கரண்ட்டாலயே ஆன் ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) வழியா வந்துட்டு போறதா கூட இருக்கலாம். அதனால நான் எப்பவும் சொல்றது ஒண்ணு தான், வயரோட அந்த முனை எங்க போய் முடியுதுன்னு தெரியாம இந்த முனைய வெட்டாதீங்க.

முதல் தப்பு கலர நம்புறது. கார் வேலை பாத்து பழகினவங்களுக்கு கருப்புன்னா மைனஸ். ஆனா அமெரிக்கால செஞ்ச நிறைய மோட்டார்ஹோம்ல 12 வோல்ட் லைன்ல கருப்பு தான் பிளஸ், வெள்ளை மைனஸ். அதே வண்டில மெயின்ஸ் வயரிங்லயும் கருப்பு தான் லைவ், வெள்ளை நியூட்ரல். ஒரே அலமாரிக்குப் பின்னாடி ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடும்போது கண்ணால பாத்து எது எதுன்னு சொல்லவே முடியாது, இதுல முன்னாடி வண்டி வச்சிருந்தவர் கைல கிடைச்ச வயர இழுத்து ஒட்டுப் போட்டிருந்தா கேக்கவே வேணாம். மல்டிமீட்டர் எடுங்க, அதுலயும் முதல்ல ஏசி (மெயின்ஸ் கரண்ட்) ரேஞ்சுல வச்சுப் பாருங்க, அப்புறமா டிசிக்கு (பேட்டரி கரண்ட்) மாத்துங்க. டிசி ரேஞ்சுல பூஜ்யம் காட்டுச்சுன்னு வயர வெறுங்கையால தொட்டா அதுல மெயின்ஸ் இருக்க வாய்ப்பு இருக்கு, ஏசி கரண்ட அந்த ரேஞ்சு காட்டாது.

இன்னொண்ணு, இப்ப கரண்ட் இல்லாத வயர் எப்பவுமே கரண்ட் இல்லாத வயர்னு முடிவு பண்ணிடறாங்க. இன்வெர்ட்டர் ஆஃப்ல இருந்ததால செத்த மாதிரி கிடந்திருக்கும், ரெண்டு நாள் கழிச்சு யாரோ பட்டன அமுக்கினதும் உயிர் வந்துடும். அதனால மீட்டர வச்சுக்கிட்டு வெளி கரண்ட் போட்டு ஒரு தடவை, எடுத்துட்டு ஒரு தடவை, இன்வெர்ட்டர் ஆன் பண்ணி ஒரு தடவை, இன்ஜின் சாவிய திருப்பி ஒரு தடவைன்னு எல்லா நிலையிலயும் பாத்து, பாத்தத வயர் மேலயே டேப் ஒட்டி எழுதி வைங்க.

சாவிய திருப்பிப் பாக்க சொல்றதுக்கு காரணம் இருக்கு. பழைய பெரிய வண்டிகள் சிலதுல டிரைவர் தலைக்கு மேல டிவி இருக்கும், சாவி ஆன் ஆனா அந்த டிவி ஆஃப் ஆகுற மாதிரி ரிலே வச்சிருப்பாங்க. இது தெரியாதவங்க ‘ஓட்டும்போது மட்டும் டிவி வேலை செய்யல, வயர் போச்சு’ன்னு ரிலேய தாண்டி நேரா கனெக்ஷன் குடுத்துடறாங்க. ஓட்டுறவர் கண்ணுக்குத் தெரியற மாதிரி படம் ஓடுறது பல நாடுகள்ல சட்டப்படியே தப்பு, சட்டத்த விடுங்க, அத்தனை பெரிய வண்டிய ஓட்டுற ஆள் கண்ணு ரோட்டுல தான் இருக்கணும். அந்த ரிலே இருந்தா புது டிவியையும் அது வழியாவே குடுங்க. பின்னாடி பெட்ரூம் டிவிக்கு இந்தத் தடை தேவையில்ல, அதுக்குத் தனி லைன் போட்டுக்கலாம்.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கரண்ட நிறுத்தணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பாதி தான் நிறுத்துவாங்க. வெளி பிளக்க எடுத்துட்டா போதாது, இன்வெர்ட்டர் இருக்கற பல வண்டில பிளக்க எடுத்த அடுத்த நொடியே அது தானா மெயின்ஸ் குடுக்க ஆரம்பிச்சுடும். அதனால வெளி பிளக், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் மூணையும் நிறுத்தி, சோலார் இருந்தா கண்ட்ரோலர்லேர்ந்து (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜ பாத்துக்கற பெட்டி) பேனல் வயர மொதல்ல கழட்டி, கடைசியா பேட்டரி மைனஸ எடுங்க. திரும்ப மாட்டும்போது பேட்டரி முதல்ல, பேனல் அப்புறம். பேட்டரி இல்லாம பேனல் மட்டும் கண்ட்ரோலர்ல நிக்கறது பல கண்ட்ரோலருக்கு ஆகாது.

இப்ப பெரிய விஷயத்துக்கு வரேன். டிவியோட அடாப்டர்ல 12 வோல்ட்னு போட்டிருக்கு, வண்டிலயும் 12 வோல்ட், அப்ப அடாப்டர தூக்கிப் போட்டுட்டு நேரா பேட்டரில குடுத்துடலாமே அப்படின்னு தோணும். தோணுறது நியாயம் தான், ஆனா பேட்டரி 12 வோல்ட்ங்கறது பேருக்கு தான். லெட் ஆசிட் பேட்டரி ஃபுல்லா இருந்து சும்மா நிக்கும்போது 12.6, 12.7 இருக்கும், பாதி காலியானா 12.1 பக்கம் வந்துடும், சார்ஜர் ஓடும்போதோ இன்ஜின் ஓடும்போதோ 14.4 பக்கம் போகும், பேட்டரிய சமன்படுத்துற மோடுல போட்டா 15 வோல்ட்டுக்கு மேலயே போகும். லித்தியம் பேட்டரில கூட சார்ஜ் ஆகும்போது 14.2லேர்ந்து 14.6 வரைக்கும் வரும். அடாப்டர் குடுக்கறது கணக்கா 12, அத நம்பித்தான் டிவி போர்டு செஞ்சிருக்காங்க. சில டிவி இந்த ஏத்த இறக்கத்த தாங்கும், சிலது 14ல ஆறு மாசம் ஓடிட்டு ஒரு நாள் சத்தமில்லாம போயிடும், அந்த ஆறு மாசத்த வச்சு ‘என்னுது நல்லாத்தானே ஓடுது’ன்னு அடுத்தவங்களுக்கு சொல்லிக்குடுக்கறது தான் ஆபத்து.

செய்ய வேண்டியது இது. டிவி பின்னாடியோ மேனுவல்லயோ இன்புட் எவ்வளவுன்னு பாருங்க. 9லேர்ந்து 16 வோல்ட், இல்ல 10லேர்ந்து 30 வோல்ட்னு ரேஞ்சா போட்டிருந்தா அது வண்டிக்குன்னு செஞ்ச டிவி, நேரா குடுக்கலாம். வெறும் 12 வோல்ட்னு மட்டும் இருந்தா நடுவுல ஒரு ரெகுலேட்டர் வைங்க, அதுவும் வோல்டேஜ இறக்க மட்டும் தெரிஞ்சது வேணாம், ஏத்தவும் இறக்கவும் ரெண்டும் செய்யற பக் பூஸ்ட் டைப் வாங்குங்க. இறக்க மட்டும் தெரிஞ்சதுக்கு அவுட்புட்ட விட இன்புட் கொஞ்சம் அதிகமா இருந்தே ஆகணும், பேட்டரி 12.1க்கு இறங்கும்போது அதால 12 குடுக்க முடியாம டிவி ராத்திரி நேரமா பாத்து ஆஃப் ஆகி ஆன் ஆகும். ரெகுலேட்டரோட ஆம்ப்ஸ் டிவி கேக்கறத விட தாராளமா இருக்கட்டும், 3 ஆம்ப்ஸ் டிவிக்கு 5 ஆம்ப்ஸ் ரெகுலேட்டர்.

அடாப்டர்ல 19 வோல்ட்னு இருந்தா கதையே வேற. பெரிய டிவி பலதுல இப்படித்தான், அதுக்கு 12ஐ 19ஆ ஏத்துற கன்வெர்ட்டர் வேணும், அப்ப பேட்டரி பக்கம் ஆம்ப்ஸ் கூடும்ங்கறத மறந்துடாதீங்க. 19 வோல்ட்ல 2.5 ஆம்ப்ஸ்னா 47 வாட்ஸ் சொச்சம், பேட்டரிலேர்ந்து 4 ஆம்ப்ஸுக்கு மேல இழுக்கும். அப்புறம் பின்னு. டிவிக்குள்ள போற உருளை பின்ல வெளி சுத்து 5.5 எம்எம் ஒரே மாதிரி இருந்தாலும் உள் ஓட்டை 2.1, 2.5னு ரெண்டு வகை இருக்கு, மாத்தி சொருகினா ஒண்ணு உள்ள போகாது இல்ல லூசா நின்னு வண்டி ஆடும்போதெல்லாம் கட் ஆகும். நடுவுல பிளஸா மைனஸாங்கறது அடாப்டர் மேலயே வட்டம் போட்டுக் காட்டியிருக்கும், மீட்டர்லயும் ஒரு தடவை பாத்துட்டே சொருகுங்க.

அப்ப இன்வெர்ட்டர்லயே ஓட்டிக்கறேன்னு சிலர் சொல்லுவாங்க. தப்பில்ல, ஆனா 12ஐ மெயின்ஸா மாத்தி அத அடாப்டர் திரும்ப 12ஆ மாத்தும்போது ரெண்டு தடவையும் கரண்ட் வீணாகும். அத விட மோசம் பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே தின்னுறது. 2000, 3000 வாட்ஸ் இன்வெர்ட்டர் எந்த லோடும் இல்லாம 1, 2 ஆம்ப்ஸ் இழுக்கறது சாதாரணம், நாள் முழுக்க ஆன்ல விட்டா 24லேர்ந்து 48 ஆம்ப்ஹவர், அது 100 ஆம்ப்ஹவர் லெட் ஆசிட் பேட்டரில தைரியமா எடுக்கக் கூடிய 50 ஆம்ப்ஹவர்ல கிட்டத்தட்ட பாதிலேர்ந்து முழுசு வரைக்கும். 36 வாட்ஸ் டிவி நாலு மணி நேரம் ஓடினாலே 12 ஆம்ப்ஹவர் தான் ஆகும், இதுக்கு அதுவா? இன்வெர்ட்டர் தான் வழின்னா டிவிக்குன்னு சின்னதா ஒரு ப்யூர் சைன் வேவ் (மெயின்ஸ் மாதிரியே சீரான கரண்ட் குடுக்கற) இன்வெர்ட்டர் வாங்கி, பாக்கும்போது மட்டும் போடுங்க. எந்தக் காரணத்துக்காகவும் இன்வெர்ட்டர்லேர்ந்து ரெண்டு பக்கமும் ஆண் பின் வச்ச வயர செஞ்சு வண்டியோட பிளக் பாயின்ட்லயோ வெளி இன்லெட்லயோ சொருகாதீங்க. வெளில நீட்டிட்டு இருக்கற பின்ல உயிர் கரண்ட் இருக்கும், யாராவது தொட்டா முடிஞ்சது.

வயர் தடிமன்ல மிச்சம் பிடிக்கறது அடுத்தது. குறைஞ்ச வோல்டேஜ்ல ஒவ்வொரு பாயின்ட்டும் கணக்கு. பேட்டரிலேர்ந்து டிவிக்கு 5 மீட்டர்னு வச்சுக்குவோம், கரண்ட் போயிட்டு வரணும்ல, அதனால கணக்குக்கு 10 மீட்டர். 0.75 ஸ்கொயர் எம்எம் வயர்ல 3 ஆம்ப்ஸ் ஓடினா வழியிலயே 0.7 வோல்ட் போயிடும், பேட்டரி 12.2ல இருந்தா டிவிக்கு 11.5 தான். அதையே 2.5 ஸ்கொயர்ல இழுத்தா 0.2 தான் போகும். சில மீட்டர் வயர் காசு தான் வித்தியாசம், பேனல கழட்டி இழுக்கற வேலைய ஒரு தடவை தானே பண்ணப் போறீங்க, தடிமனாவே போடுங்க. மல்டி ஸ்ட்ராண்ட் செம்பு வயரா இருக்கட்டும், வீட்டு சுவத்துக்குள்ள போடற ஒத்தக் கம்பி வயர் ஆட்டத்துல ஒடிஞ்சுடும்.

ஃபியூஸ டிவி பக்கத்துல வைக்கறாங்க. ஃபியூஸ் முக்கியமா வயர காப்பாத்தத் தான், அது பேட்டரி பக்கம், பிளஸ் ஆரம்பிக்கற இடத்துக்கு முடிஞ்ச அளவு கிட்ட இருக்கணும். டிவி பக்கத்துல வச்சா நடுவுல எங்கயாவது தகரத்துல உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது, வயர் தான் பழுக்கும். 3 ஆம்ப்ஸ் டிவிக்கு 5 ஆம்ப்ஸ் போதும். அடிக்கடி போகுதுன்னு 15, 20 போட்டீங்கன்னா ஃபியூஸ் போட்டதுக்கே அர்த்தம் இல்ல.

கிட்ட இருக்கற லைட்டு வயர்லேர்ந்தோ பம்பு வயர்லேர்ந்தோ ஒரு கிளை எடுத்துடறது ரொம்ப சகஜம். பம்பு ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு நொடி அமுங்கும், உள்ள யாரோ குழாய திறந்தா இங்க டிவி அணைஞ்சு எரியும். டிம்மர் வச்ச எல்ஈடி லைட்டு லைன் இன்னும் மோசம், அதுல வர்றது விட்டு விட்டு வர்ற கரண்ட். ஃபியூஸ் பேனல்ல காலி இடம் இருந்தா தனி லைன் போடுங்க. ஸ்டார்ட்டர் பேட்டரில கை வைக்காதீங்க, காலைல வண்டி கிளம்பாது. 24 வோல்ட் வண்டியா இருந்தா ரெண்டு பேட்டரில ஒண்ணுல மட்டும் 12 எடுக்கற பழக்கமும் வேணாம், ஒண்ணு காலியாகி இன்னொண்ணு ஓவர் சார்ஜ் ஆகி ரெண்டும் கெடும், 24லேர்ந்து 12க்கு கன்வெர்ட்டர் வைங்க.

மைனஸ் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல, எனக்கு இது தான் ரொம்ப முக்கியமா படுது. கார் மாதிரி பாடி எர்த் குடுத்துடலாம்னு டிவி கிட்ட இருக்கற ஏதோ ஒரு ஸ்க்ரூல மைனஸ முறுக்கி விடறாங்க, மோட்டார்ஹோம் சுவர் பெரும்பாலும் மரம், ஃபைபர், மெல்லிசு அலுமினியம், அது ஒழுங்கா சேஸிஸோட சேர்ந்திருக்கும்னு உத்தரவாதமே இல்ல. அப்படி மைனஸ் லூசா இருந்தும் டிவி ஓடும், அதான் விஷயம். ஆன்டெனா கேபிளோட வெளிப் பின்னல் டிவியோட மைனஸோட சேர்ந்தது, அந்தப் பின்னல் கூரைல ஆன்டெனா வழியா வண்டி பாடிய தொட்டா டிவியோட மொத்த கரண்டும் அந்த மெல்லிசு பின்னல் வழியா திரும்பிப் போகும். படத்துல கோடு வரும், கேபிள் முனை சூடாகும், ஆன்டெனாவ கழட்டினா டிவியே அணைஞ்சுடும். இந்த மாதிரி நடந்தா டிவிய குறை சொல்லாதீங்க, மைனஸ் வயர பாருங்க. பிளஸோட கூடவே அதே தடிமன்ல மைனஸ் வயரும் ஃபியூஸ் பேனல் மைனஸ் பார் வரைக்கும் போகட்டும். பேட்டரி மானிட்டர் இருந்தா மைனஸ நேரா பேட்டரி தலைல மாட்டாதீங்க, ஷன்ட்டுக்கு (மானிட்டர் கரண்ட அளக்கற துண்டு) பேட்டரி இல்லாத பக்கம் மாட்டுங்க, இல்லன்னா டிவி தின்ன ஆம்ப்ஸ் மானிட்டர் கணக்குலயே வராது.

ஜாயின்ட்ட ஈயம் பத்த வச்சு முடிக்கறத விட ஒழுங்கான கிரிம்ப் (டெர்மினல வயரோட அழுத்தி நசுக்கி மாட்டுறது) மேல், ஈயம் ஊறின இடம் விறைப்பா ஆகி அதுக்கு அடுத்த புள்ளில வயர் ஆடி ஆடி ஒடியும். சிகரெட் லைட்டர் பிளக்க நிரந்தரமா நம்பாதீங்க, ஓடற ஓட்டத்துல தளர்ந்து சூடாகும். தகரத்துல ஓட்டை போட்டு வயர் விட்டா ஓட்டை ஓரத்துல வயர் உரசாம இருக்க ரப்பர் க்ரோமெட் (வளையம்) கட்டாயம். வெளில நீளற ஸ்லைடு அவுட் பகுதில டிவி இருந்தா முழுசா திறந்து மூடி வயர் எங்கயாவது நசுங்குதான்னு பாத்துட்டு அப்புறம் கட்டுங்க. 12 வோல்ட் வயரையும் மெயின்ஸையும் ஒரே பெட்டிக்குள்ள திணிக்காதீங்க.

பழைய டிவி பின்னாடி சுவத்துப் பிளேட்ல ஆன்டெனா பூஸ்டர் ஸ்விட்ச் இருந்தா அதையும் தெரிஞ்சுக்கணும், அது ஆன்ல இருக்கும்போது கோஆக்ஸ் (ஆன்டெனா) கேபிள் வழியாவே ஆன்டெனாவுக்கு 12 வோல்ட் போகும். பிளேட் தேவையில்லன்னு பிடுங்கிட்டு நேரா கேபிள ஜாயின் பண்ணினா பூஸ்டருக்கு கரண்ட் இல்லாம சேனலே கிடைக்காது.

எல்லாம் மாட்டின உடனே பேனல மூடாதீங்க. டிவிய ஓட விட்டு அது பின் கிட்டயே வோல்டேஜ் பாருங்க, சார்ஜர் போட்டு ஒரு தடவை, சார்ஜர் இல்லாம பம்ப ஓட விட்டு ஒரு தடவை. அரை மணி நேரம் போனதும் ஃபியூஸ் ஹோல்டர், ஒவ்வொரு கிரிம்ப், ரெகுலேட்டர் எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க, ரெகுலேட்டர் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கலாம், ஜாயின்ட் ஒண்ணு கூட சூடா இருக்கக் கூடாது. ஒரு நீளமான ஓட்டம் ஓட்டிட்டு வந்து எல்லா கனெக்ஷனையும் லேசா இழுத்துப் பாருங்க, ஒண்ணும் அசையலன்னா பேனல மூடிடலாம்.