வளவில் முதல் கோழி: அடைப்பேட்டோடு தொடங்குவது எப்படி

முதல்முறை கோழி வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கி வந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கார்த்திகை மாதம், அடைமழை. இரவில் கரண்ட் போய், சூட்டுக்குப் போட்ட குமிழ் அணைந்துவிட்டது. விடியப் பார்த்தால் பாதிக் குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. அந்தக் காலை இன்னும் மனதில் நிற்கிறது. அதனால் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: குஞ்சு வாங்காதீர்கள், அடைக்கு வந்த ஊர்க்கோழிப் பேடு ஒன்றைத் தேடுங்கள். குஞ்சுக்குச் சூடு கொடுப்பது, தீன் பொறுக்கக் காட்டுவது, பருந்து வந்தால் ஒளிக்க வைப்பது எல்லாம் அதற்குத் தெரியும்.

எப்போது தொடங்கலாம்

தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு தொடங்குங்கள். மாசி, பங்குனியில் பெரும்போக நெல் அறுவடை நடக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கமும் மில்களில் குறுணல், தவிடு, உமி எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். அடுத்த மாரி வருவதற்குள் குஞ்சுகள் வளர்ந்து, ஈரத்தைத் தாங்கும் உடம்போடு இருக்கும்.

கூடு முதலில், கோழி பிறகு

தொடங்குவது ஒரு பேட்டோடு என்றாலும், பிறகு வைத்திருக்க நான்கு பேடும் ஒரு சேவலும் போதும். நான்கடி நீளம், நான்கடி அகலத்தில் கூடு கட்டினால் அவற்றுக்குத் தாராளம். நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை மணல் நிலத்தில் தண்ணீர் சீக்கிரம் வடியும், ஆனாலும் மார்கழி வெள்ளத்தை நம்ப முடியாது. தரைக்குக் கமுகம் வரிச்சுகளை விரல் போகிற இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழுந்துவிடும். கூரைக்குக் கிடுகு நல்லது. தகரம்தான் இருக்கிறது என்றால் அதன் மேலும் கிடுகைப் போடுங்கள். வைகாசி, ஆனியில் சூடான கச்சான் காற்று அடிக்கும்போது வெறும் தகரத்தின் கீழ் கோழி வாயைத் திறந்து இளைக்கும். மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால் அந்தப் பக்கத்தைப் பலகையால் அடைத்துவிடுங்கள். மற்றப் பக்கங்களுக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை போடுங்கள். மரநாயும் கீரியும் நாம் நினைப்பதைவிடச் சின்ன ஓட்டைக்குள்ளால் புகுந்துவிடும். பாம்பு முட்டைக்கும் வரும், குஞ்சுக்கும் வரும். உள்ளே தடித்த கம்பு ஒன்று குறுக்கே வையுங்கள். கோழி அதில் ஏறித்தான் தூங்கும்.

அடை வைப்பது

அடைக்கு வந்த பேட்டை அடையாளம் காண்பது சுலபம். முட்டை இடுவதை நிறுத்திவிட்டுக் கூட்டிலேயே கிடக்கும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஆழமான குரலில் அதட்டும். சேவலோடு திரிகிற கோழிகளின் முட்டைதான் பொரிக்கும். ஒரு கிழமைக்கு மேல் பழசாகாத முட்டைகளாகப் பத்துப் பன்னிரண்டு எடுங்கள். கழுவ வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்க வேண்டாம்.

ஒரு பழைய கடகத்தில் மணலும் அடுப்புச் சாம்பலும் பரப்பி, மேலே காய்ந்த வைக்கோல் போடுங்கள். சாம்பல் இருந்தால் செள் என்ற சின்னப் பூச்சி குறையும். பேட்டுக்குச் செள் பிடித்தால் அது அடையை விட்டு எழுந்துவிடும். என் அம்மம்மா இடிக்கு முட்டை கெடாது என்று ஒரு இரும்புத்துண்டும் கரித்துண்டும் கூடவே வைப்பார். நானும் வைக்கிறேன். இருட்டின பிறகு, எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வையுங்கள். ஒன்றிரண்டை நாள் தள்ளி வைத்தால் முதலில் பொரித்த குஞ்சுகளோடு பேடு இறங்கிவிடும், மீதி வீணாகும்.

ஏழாம் நாள் இரவு போனில் உள்ள ரோச்சைப் போட்டு, முட்டையின் அகன்ற பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரு பிடித்த முட்டைக்குள் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்தி வலை போலச் சிவந்த நரம்புகளும் ஓடும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அந்தப் புள்ளி அசைவதும் தெரியும். ஒன்றும் இல்லாமல் வெளிச்சம் முழுதும் ஊடுருவினால் அது கருக் கட்டாத முட்டை, எடுத்துவிடுங்கள். விட்டால் கூமுட்டையாகி நாறும், உடைந்தால் மற்ற முட்டைகளையும் கெடுக்கும்.

பேடு நாளுக்கு ஒரு தடவை தீன் தின்ன இறங்கும். தண்ணீரும் நெல்லும் பக்கத்திலேயே இருக்கட்டும். பத்தொன்பதாம் நாளுக்குப் பிறகு கூட்டைத் தொடவே வேண்டாம். இருபத்தொராம் நாள் குஞ்சு ஓட்டைக் கொத்தி வெளியே வரும். மெதுவாக வருகிறதே என்று ஓட்டை உரித்துவிடாதீர்கள், இரத்தம் வடிந்து செத்துவிடும். மஞ்சட்கருவின் மிச்சம் வயிற்றில் இருப்பதால் முதல் நாள் தீன் இல்லாமலே குஞ்சு தாக்குப் பிடிக்கும்.

முதல் மாதம்

தாயையும் குஞ்சுகளையும் இரண்டு கிழமைக்குக் கரப்புக்குள் (கவிழ்த்து மூடும் கூடை) வையுங்கள், இல்லையென்றால் காகம் ஒவ்வொன்றாகத் தூக்கிவிடும். குஞ்சுத் தீன் கிடைத்தால் வாங்குங்கள். அதோடு ஊறவைத்த குறுணலும் கறையானும் கொடுக்கலாம். கறையான் புற்றுத் துண்டு ஒன்றை உடைத்துப் போட்டுப் பாருங்கள். தாய் கொக் கொக் என்று கூப்பிட்டுக்கொண்டே ஒன்றைத் தூக்கிப் போடும், தான் தின்னாது. தண்ணீரைத் தட்டையான பாத்திரத்தில் சின்னக் கற்கள் போட்டு வையுங்கள், குஞ்சு விழுந்தாலும் மூழ்காது. கீழே விரித்த உமி நனைந்தால் அன்றே மாற்றுங்கள். ஈரத்தில்தான் இரத்தக்கழிச்சல் வரும்.

ஊசியும் மருந்தும்

வெள்ளைக்கழிச்சல் வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. கோழி தூங்கி விழும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சிலவற்றுக்குக் கழுத்துத் திருகும். இரண்டு மூன்று நாளில் வளவே காலியாகிவிடும். தடுப்பு மருந்து ஒன்றுதான் காப்பாற்றும். முதல் துளியைக் குஞ்சு பிறந்து ஏழாம் நாள் அளவில் கண்ணில் விடுவார்கள். அடுத்தது எப்போது என்று உங்கள் பகுதி அரச மிருக வைத்தியரிடம் கேட்டு, சுவர்க் கலண்டரில் குறித்து வையுங்கள். அம்மைக்கும் அங்கேயே கேளுங்கள். அது நுளம்பால் பரவுவது, மாரியில் கொண்டையிலும் கண்ணோரத்திலும் பரு பருவாக வரும். ஒரு குப்பி மருந்து பல கோழிகளுக்குப் போதும் என்பதால் அயல் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்கில் ஐஸ் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும், வெயில் பட்டால் வெறும் தண்ணீர்தான்.

புதுக் கோழி வாங்கினால் இரண்டு கிழமை தனியே வைத்துப் பாருங்கள். செத்த கோழியை வாவியிலோ தெருவோரத்திலோ எறியாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். தயவுசெய்து இதைச் செய்யுங்கள், நோய் ஊர் முழுக்கப் பரவுவது இப்படித்தான்.

வளர்ந்த பிறகு

பகலில் மேய விடுங்கள். பின்னேரம் ஒரு கைப்பிடி நெல்லை எப்போதும் கூட்டடியில் எறிந்து ஒரே மாதிரிக் கூப்பிட்டால், ஒரு கிழமையில் தானாக வந்து ஏறும். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம். மீன் கழிவை அவித்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம், கூடினால் முட்டை மணக்கும். முட்டையிடுகிற பேட்டுக்கு வாவிக்கரைச் சிப்பி ஓட்டை இடித்துத் தனிச் சிரட்டையில் வையுங்கள், தேவையான அளவு தானே கொத்தும். குஞ்சுக்கு அது வேண்டாம்.

ஐந்து, ஆறு மாதத்தில் பேட்டின் கொண்டை சிவந்து, மூலை முடுக்கெல்லாம் இடம் பார்த்துத் திரியும். அப்போது வைக்கோல் போட்ட பெட்டி ஒன்றை இருட்டான மூலையில் வையுங்கள். முட்டைகளை எடுக்கும்போது ஒன்றை மட்டும் பெட்டியிலேயே விட்டு வையுங்கள், அதைப் பார்த்துத்தான் மறுநாளும் அங்கே இடும். அந்த முட்டையில் கரியால் ஒரு கோடு போட்டுவிட்டால் பழசு எது, புதுசு எது என்று குழம்பாது.