சோடா பாட்டிலில் சார்லஸ் விதி

அழுத்தம் மாறாதபோது காற்று சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், அதுவும் ஒரே விகிதத்தில்: இதுதான் சார்லஸ் விதி. சூடாக்கிய பாட்டிலைத் தண்ணீரில் கவிழ்த்து, காற்று சுருங்கின அளவுக்கு உள்ளே ஏறும் தண்ணீரை அளந்து இதைப் பார்க்கலாம். முதலில் பாட்டிலை நன்றாகக் காயவையுங்கள். கவிழ்த்து, ஒரு நாள் முழுக்க வெயிலில். இந்தச் சோதனையில் பாதி வேலை இதுதான்.

பேத்தி லீவுக்குத் திருப்பூரிலிருந்து காங்கேயம் வந்திருந்தபோது, கழுவின ஈரத்தோடு பாட்டிலை எடுத்துவிட்டேன். கணக்கை மீறி 120 மில்லிக்கு மேல் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. "அப்புச்சி, புத்தகம் தப்பா?" என்றாள். புத்தகம் சரிதான் கண்ணு. ஒட்டியிருந்த ஈரம் சூட்டில் ஆவியாகி, உள்ளிருந்த காற்றை வெளியே தள்ளிவிட்டது. குளிர்ந்ததும் அந்த ஆவி மறுபடி சொட்டுகளாகிவிட, அதன் இடத்தையும் தண்ணீர் பிடித்துக்கொண்டது.

கண்ணாடிச் சோடா பாட்டில் போதும். காயவைக்கும் முன்பே வாய்வரை நிரப்பி அளந்துகொள்ளுங்கள். எங்களுடையது 310 மில்லி. லேப் தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்ப்பது 42 டிகிரியோடு நின்றுவிடும்.

பச்சைத்தண்ணீரிலேயே பாட்டிலைக் கழுத்துவரை இறக்கி, மெதுவாகச் சூடாக்குங்கள். எடுத்த எடுப்பில் வெந்நீரில் வைத்தால் விரிசல் விடும். வாய்மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். விரியும் காற்று வெளியேற வழி வேண்டும், நீராவியும் உள்ளே போகக்கூடாது. 75 டிகிரியில் பத்து நிமிடம் நிறுத்துங்கள்.

அப்புறம் டியூப் துண்டை அழுத்தி மூடி, பனியன் வேஸ்டால் பிடித்து, வாளித் தண்ணீரில் வாயை மட்டும் கவிழ்த்துத் திறங்கள். தண்ணீர் கழுத்தில் ஏறுவது கண்ணுக்கே தெரியும். பேத்தி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சூடு தணிந்தபின் முழுப் பாட்டிலையும் அமுக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். கடைசியில் உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாகும்படி தூக்கிப் பிடித்து, வாயை மூடி எடுங்கள். மட்டம் சேராவிட்டால் அழுத்தம் மாறி, கணக்கு பிசகும்.

எங்கள் வாளித் தண்ணீர் 27 டிகிரி. சிரிஞ்சால் அளந்தால் உள்ளே 39 மில்லி.

கணக்குக்கு டிகிரியோடு 273 கூட்டுங்கள்: 348, 300. 310-ஐ 300-ஆல் பெருக்கி 348-ஆல் வகுத்தால் 267 மில்லி காற்று, அதாவது 43 மில்லி தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். நாலு குறைந்ததற்குப் பெரும்பாலும் வாளித் தண்ணீரின் ஆவியே காரணம். கொஞ்சம் உள்ளே சேர்ந்து இடம் பிடிக்கும்.

1787 வாக்கில் பிரெஞ்சு விஞ்ஞானி சார்லஸ் இதைக் கண்டும் வெளியிடவில்லை. 1802-இல் இன்னொரு விஞ்ஞானி கே-லூசாக் வெளியிட்டபோது அவர் பெயரைச் சொன்னார்.

273 ஏன் என்று பேத்தி விடவில்லை. சரி, நம் அளவிலேயே பார் என்றேன். 48 டிகிரி இறங்க 39 மில்லி சுருங்கியது. 310-ம் தீர? சுமார் 382 டிகிரி இறங்க வேண்டும். 75-இலிருந்து கழித்தால் மைனஸ் 307. உண்மை மைனஸ் 273.15. அங்கிருந்து எண்ணத்தான் டிகிரியோடு 273 கூட்டுகிறோம். நிஜக் காற்று அதற்கு முன்பே திரவமாகிவிடும் என்றாலும், ஒரு சோடா பாட்டில் இவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் விட்டதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவளுக்குப் போதவில்லை. ஐஸ் தண்ணீரில் செய்தால் ஆவி குறையுமே என்று சொல்லி, பாட்டிலைத் திண்ணை வெயிலில் மறுபடி கவிழ்த்து வைத்தாள்.