ஸ்கேனர் காட்டியது சென்சார், பழுது எர்த் பட்டையில்

என்னுடையது 2004 மாடல் பெட்ரோல் கார். காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். ஸ்கேனரில் பி0118, பி0123 என்ற இரண்டு பழுதுக் குறியீடுகளும் (கோடு) சேர்ந்தே வந்தன. அவை சுட்டிய கூலன்ட் சென்சார் (இன்ஜின் குளிர்நீரின் சூட்டை அளப்பது), த்ராட்டில் சென்சார் (காற்று வால்வின் திறப்பை அளப்பது) இரண்டையும் மாற்றினேன்; பேட்டரியும் புதிது. மறுநாளே அதே கோடுகள். நான்கு நாள் வீண்.

இரண்டு கோடும் 'வோல்டேஜ் அதிகம்' என்றே சொன்னதை அப்போது யோசிக்கவில்லை. தற்செயலாகக் கை பட்டபோது ஆக்சிலேட்டர் கேபிள் சுட்டது, அதுவும் செல்ஃப் அடித்த உடனே! இன்ஜினைப் பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் எர்த் சரியில்லாமல், கரண்ட் அந்தக் கேபிள் வழியே திரும்பியிருக்கிறது.

பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து செல்ஃப் அடித்தேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 1.8 காட்டியது. எர்த் பட்டை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் ஒரே பச்சைக் களிம்பு. சுரண்டிவிட்டுப் புதுப் பட்டை மாட்டினேன். கோடுகள் திரும்பவில்லை. கழற்றிய பழைய சென்சார்கள், பாவம், டிக்கியில் கிடக்கின்றன.