சோஷியல் மீடியா அக்கவுண்டை ஒரேயடியாக டெலீட் செய்வது எப்படி

ஃபோனில் இருந்து ஆப்பைத் தூக்கிவிட்டால் அக்கவுண்டும் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் நிறைய பேர். போகாது. உங்கள் ஃபோனில் அது இல்லை, அவ்வளவுதான். உங்கள் பெயரைப் போட்டுத் தேடுகிறவருக்குப் படம், பழைய பதிவுகள், பிறந்த தேதி எல்லாம் முன்பு தெரிந்த மாதிரியே தெரிந்துகொண்டிருக்கும்.

அடுத்த குழப்பம் டிஆக்டிவேட். இது தூங்க வைப்பது. ஃபேஸ்புக்கில் டிஆக்டிவேட் செய்தால் ப்ரொஃபைல் மறைந்துவிடும், ஆனால் ஒரு படம்கூட அழியாது, மெசஞ்சரை விட்டுவைத்தால் அதுவும் பாட்டுக்கு ஓடும். வேறு ஏதோ ஒரு ஆப்பில் “ஃபேஸ்புக் மூலம் லாகின்” என்று அழுத்தினால் போதும், தூங்கிய அக்கவுண்ட் எழுந்து உட்கார்ந்துவிடும். கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கத்தான் ஆசை என்றால் டிஆக்டிவேட் நல்ல வழி, அதில் தப்பே இல்லை. இனி வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு டெலீட் மட்டும்தான் வழி. இந்தப் பதிவு அவர்களுக்காக.

டெலீட் பட்டனை அழுத்த இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் அழுத்துவதற்கு முன்னால் ஒரு வார வேலை இருக்கிறது, அழுத்திய பிறகு ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டிலும்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

முதலில் உங்கள் பொருளை வெளியே எடுங்கள்

நான் முதல்முறை ஒரு தளத்தில் இருந்து வெளியேறியபோது இரவு பதினொன்றரை மணி, யாருடனோ வாக்குவாதம், அந்தக் கோபத்தில் நேராகப் போய் டெலீட் போட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது, சித்தப்பா பழைய ஆல்பத்தில் இருந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அந்தத் தளத்தின் மெசேஜில்தான் எனக்கு அனுப்பியிருந்தார் என்று. தாத்தா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் அதில் இருந்தது. சித்தப்பாவின் கம்ப்யூட்டரும் அதற்குள் பழுதாகிவிட்டது. இப்போது அந்தப் படம் எங்கள் யாரிடமும் இல்லை. அதனால்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் உங்கள் தகவலை மொத்தமாக டவுன்லோட் செய்ய வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் “டவுன்லோட் யுவர் இன்ஃபர்மேஷன்”, “யுவர் டேட்டா”, “ஆர்கைவ்” என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். கேட்டவுடன் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். கோப்பைத் தயார் செய்து மெயில் அனுப்புவார்கள், எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் இதற்கு 24 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். வருகிற லிங்க்கும் சில நாள்தான் உயிரோடு இருக்கும், அதனால் மெயிலைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

கேட்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். தேதி வரம்பு கடைசி ஒரு வருடம் என்று இருந்தால் எல்லாக் காலத்துக்கும் மாற்றுங்கள். படங்களின் தரத்தை உயர்ந்ததாக வையுங்கள். மூன்றாவது, தமிழில் எழுதுகிற நமக்கு ரொம்ப முக்கியம்: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் கோப்பு எச்டிஎம்எல் வடிவத்தில் வேண்டுமா, ஜேசான் வடிவத்தில் வேண்டுமா என்று கேட்பார்கள். எச்டிஎம்எல்லைத் தேர்ந்தெடுங்கள். ஜேசான் கோப்பைத் திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் கோடுமாக உடைந்து கிடக்கும், புரோகிராம் எழுதத் தெரிந்த ஒருவர் சரிசெய்து கொடுத்தால்தான் உண்டு. எச்டிஎம்எல் என்றால் சாதாரண பிரவுசரிலேயே திறக்கும், அம்மா அனுப்பிய செய்தி அம்மா எழுதிய மாதிரியே இருக்கும்.

ஜிப் கோப்பு வந்தவுடன் “ஆச்சு, கிடைத்துவிட்டது” என்று மூடிவைக்காதீர்கள். பிரித்துப் பாருங்கள். மெசேஜஸ் என்ற ஃபோல்டருக்குள் இன்பாக்ஸ் இருக்கும், அதற்குள் நீங்கள் பேசிய ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி ஃபோல்டர். முக்கியமான நாலு பேர் பெயரைத் திறந்து, படம் திறக்கிறதா, குரல் பதிவு ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரிய அக்கவுண்ட் என்றால் கோப்பு பல துண்டாக வரும், அதில் ஒன்றை விட்டுவிட்டால்கூட ஒரு வருடப் படங்கள் போய்விடலாம்.

அடுத்தது, இந்த அக்கவுண்டைச் சாவியாக வைத்து வேறு எங்கெல்லாம் நுழைந்திருக்கிறீர்கள் என்று பார்ப்பது. விளையாட்டு, பாட்டு கேட்கிற ஆப், டிக்கெட் பதிவு என்று எத்தனையோ இடத்தில் சோம்பேறித்தனமாக “ஃபேஸ்புக் மூலம் தொடர்க” என்று அழுத்தியிருப்போம். செட்டிங்ஸில் “ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்” பகுதியில் முழுப் பட்டியலும் இருக்கும். வேண்டிய ஒவ்வொன்றிலும் போய் மெயில் முகவரி, பாஸ்வேர்டு போட்டுத் தனி லாகின் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாததை அங்கேயே துண்டியுங்கள். இதைச் செய்யாமல் டெலீட் செய்தால் அந்த ஆப்களுக்குள் நீங்கள் நுழைய முடியாமல் போகலாம்.

பேஜ் நடத்துகிறீர்களா? ஃபேஸ்புக் பேஜில் முழுக் கட்டுப்பாடு உங்கள் ஒருவரிடம் மட்டும் இருந்தால் உங்கள் அக்கவுண்டோடு சேர்ந்து பேஜும் அழியும். கடைக்கோ சங்கத்துக்கோ நடத்துகிற பேஜ் என்றால் அது உங்களுடையது மட்டும் இல்லை, இன்னொருவருக்கு முழு அதிகாரம் கொடுத்து, அவர் ஏற்றுக்கொண்டாரா என்று பார்த்துவிட்டு நகருங்கள். டிஸ்கார்டில் சர்வர் (அங்கே குழுவுக்கு அதுதான் பெயர்) உங்கள் பெயரில் இருந்தால், அதை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுக்கும் வரை, இல்லை அதையே நீக்கும் வரை, அக்கவுண்டை அழிக்கவே விடாது. மாதச் சந்தா ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதையும் தனியாக நிறுத்த வேண்டும். ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அக்கவுண்ட் போனாலும் பணம் பிடிப்பது நிற்காது.

அப்புறம் ஆட்கள். அந்தத் தளத்தில் மட்டுமே தொடர்பில் இருக்கிற சிலர் எல்லோருக்கும் இருப்பார்கள். அவர்களுக்கு எண்ணோ மெயிலோ கொடுத்து, அவர்களுடையதை வாங்கி, காண்டாக்ட்ஸில் சேமியுங்கள். பொதுவாக ஒரு அறிவிப்பு போட்டால் பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள், முக்கியமானவர்களுக்குத் தனியாக எழுதுவதுதான் சரி.

எங்கே போய் அழுத்துவது

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் இப்போது ஒரே பாதை. செட்டிங்ஸ், அதில் அக்கவுண்ட்ஸ் சென்டர், அதில் பெர்சனல் டீடெயில்ஸ், அதில் அக்கவுண்ட் ஓனர்ஷிப் அண்ட் கன்ட்ரோல், அதில் டிஆக்டிவேஷன் ஆர் டெலிஷன். எந்த அக்கவுண்ட் என்று கேட்கும், நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். டிஆக்டிவேட்தான் முதலில் கண்ணில் படும்படி இருக்கும், டெலீட் என்பதை நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். காரணம் கேட்பார்கள், கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கலாமே என்பார்கள், எல்லாவற்றையும் தாண்டிப் போய்ப் பாஸ்வேர்டு கொடுத்தால்தான் முடியும். இன்ஸ்டாகிராமை அழித்தால் அதோடு ஒட்டிய த்ரெட்ஸும் போய்விடும்.

எக்ஸ் தளத்தில் டெலீட் என்றே ஒரு பட்டன் இருக்காது, தேடித் தேடி அலுத்துப்போவீர்கள். அங்கே டிஆக்டிவேட் செய்து 30 நாள் உள்ளே போகாமல் இருந்தால் அதுதான் டெலீட். செட்டிங்ஸில் யுவர் அக்கவுண்ட் என்பதற்குள் கடைசியாக இருக்கும். அதே மெயிலையோ யூசர்நேமையோ வேறு அக்கவுண்டில் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் முதலில் இதில் அவற்றை மாற்றிவிட்டு அப்புறம் டிஆக்டிவேட் செய்யுங்கள். டிக்டாக்கிலும் ஸ்னாப்சாட்டிலும் இதே போல 30 நாள் கணக்குதான்.

வாட்ஸ்அப் வேறு மாதிரி. செட்டிங்ஸ், அக்கவுண்ட், டெலீட் அக்கவுண்ட் என்று போய் எண்ணைக் கொடுத்து உறுதி செய்தால் அப்போதே முடிந்தது, மனம் மாற அவகாசம் கிடையாது. எல்லாக் குரூப்பில் இருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள், பேக்கப்பும் போய்விடும். வெறும் எண் மாற்றத்துக்காக இதைச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், அதற்கு “சேஞ்ச் நம்பர்” என்று அதே இடத்தில் தனி வசதி இருக்கிறது.

டெலிகிராமும் உடனே அழித்துவிடும். அதன் இணையப் பக்கம் வழியாக அழிப்பதாக இருந்தால், உறுதி செய்யும் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வராது, டெலிகிராம் ஆப்புக்குள்ளேயேதான் வரும். அதனால் ஆப்பை முன்கூட்டியே தூக்கிவிடாதீர்கள்.

ரெடிட்டில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அக்கவுண்டை அழித்தாலும் நீங்கள் எழுதியது எல்லாம் அங்கேயே நிற்கும், எழுதியவர் பெயர் மட்டும் மறையும். பதிவில் உங்கள் ஊர், வேலை, உடல்நலம் என்று ஏதாவது சொல்லியிருந்தால், அக்கவுண்டை அழிப்பதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் போய் அழித்துவிட வேண்டும். அழித்த பிறகு அந்தப் பதிவுகள் மேல் உங்களுக்குக் கை இருக்காது.

யூடியூப் சேனலை மட்டும் நீக்க வேண்டும் என்பவர்கள் கூகுள் அக்கவுண்டைத் தொட வேண்டாம். சேனலைத் தனியாக அழிக்க யூடியூப் செட்டிங்ஸிலேயே வழி உண்டு. கூகுள் அக்கவுண்டை அழித்தால் ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் எல்லாம் சேர்ந்து போகும்.

அந்த 30 நாள்

ஃபேஸ்புக்கில் 30 நாளுக்குள் மனம் மாறினால் உள்ளே போய் டெலீட்டை ரத்து செய்யலாம். நல்ல எண்ணத்தில் வைத்த அவகாசம்தான், ஆனால் திரும்பிப் போகிற பலர் மனம் மாறிப் போவதில்லை, தெரியாமல் போகிறார்கள். என் இரண்டாவது முயற்சி, வேறொரு தளத்தில், கிட்டத்தட்ட நாலாவது வாரத்தில் கெட்டது. நண்பர் அனுப்பிய ஒரு லிங்க்கைத் தொட்டேன், பிரவுசர் சேமித்துவைத்திருந்த பாஸ்வேர்டைத் தானாகப் போட்டது, நானும் பழக்கத்தில் ஓகே கொடுத்தேன், “மீண்டும் வருக” என்று வந்து நின்றது. மறுபடி முதல் நாளில் இருந்து எண்ண வேண்டியதாயிற்று.

அதனால் பட்டனை அழுத்திய அன்றே ஃபோன், டேப், பழைய லேப்டாப் எல்லாவற்றிலும் ஆப்பை நீக்குங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டை அழியுங்கள், குக்கீயையும் துடையுங்கள். எக்ஸ் தளத்தில் வேறு ஆப்களுக்குக் கொடுத்த அனுமதியை டிஆக்டிவேட் செய்வதற்கு முன்பே திரும்ப வாங்கிவிடுங்கள், அவை பின்னால் இருந்து லாகின் செய்தாலும் அக்கவுண்ட் உயிர் பெற்றுவிடும். கடைசி நாளை ஒரு காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு அதுவரை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். “அழிந்துவிட்டதா என்று ஒருமுறை பார்ப்போம்” என்று லாகின் செய்து பார்ப்பதும் இதில் சேர்த்திதான். பார்க்கத்தான் வேண்டும் என்றால் லாகின் செய்யாமல், இன்காக்னிட்டோ விண்டோவில் ப்ரொஃபைல் லிங்க்கைப் போட்டுப் பாருங்கள்.

இந்த மாதத்தில் “உங்கள் அக்கவுண்ட் அழியப்போகிறது, காப்பாற்ற இங்கே அழுத்துக” என்று மெயில் வந்தால் அது தளத்தில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம், திருடர்களிடம் இருந்து வந்ததாகவும் இருக்கலாம். இரண்டாக இருந்தாலும் அழுத்தாதீர்கள்.

30 நாள் முடிந்த பிறகும் சர்வர்களில் இருந்து எல்லாம் நீங்க இன்னும் காலம் எடுக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுமே 90 நாள் வரை ஆகலாம் என்கின்றன, சட்டக் காரணங்களுக்காகச் சில தகவல்களை அதற்கு மேலும் வைத்திருப்பார்கள்.

அழியாதவை

நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய செய்திகள் அவர்கள் இன்பாக்ஸில் இருக்கும். ஃபேஸ்புக்கில் உங்கள் பெயர் மறையும், எழுதியது அப்படியே நிற்கும். நண்பர் ஏற்றிய படத்தில் நீங்கள் இருந்தால் டேக் போகும், படம் போகாது, அவரிடம் கேட்டுத்தான் நீக்க வேண்டும். கூகுளில் தேடினால் பழைய ப்ரொஃபைல் கொஞ்ச நாள் காட்டிக்கொண்டிருக்கும், தானாகவே போய்விடும், அவசரம் என்றால் கூகுளின் “ரிஃப்ரெஷ் அவுட்டேட்டட் கன்டென்ட்” பக்கத்தில் அந்த லிங்க்கைக் கொடுத்துக் கேட்கலாம்.

பாஸ்வேர்டு மறந்த பழைய அக்கவுண்ட் என்றால் முதலில் அதை மீட்க வேண்டும், மீட்காமல் அழிக்க முடியாது. அன்று கொடுத்த மெயிலோ சிம் எண்ணோ இப்போது உங்களிடம் இல்லை என்றால் தளத்தின் அக்கவுண்ட் மீட்புப் பக்கத்தில் அடையாளச் சான்று கேட்கலாம், பொறுமையாகக் கொடுங்கள். நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர் என்றால் ஜிடிபிஆர் என்கிற தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவின் கீழ் உங்கள் தகவலை அழிக்கச் சொல்லி எழுதிக் கேட்க உரிமை உண்டு, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காசு கொடுத்தால் உடனே டெலீட் செய்து தருகிறேன், ஓடிபி மட்டும் சொல்லுங்கள் என்று வருகிறவர்களை நம்பாதீர்கள். ஓடிபி கையில் கிடைத்தால் அவர்கள் அக்கவுண்டை அழிக்க மாட்டார்கள், உங்கள் பெயரில் உங்கள் நண்பர்களிடமே பணம் கேட்பார்கள். வயதான அப்பா, அத்தை, மாமா யாராவது அக்கவுண்டை மூட நினைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் ஃபோனிலேயே, அவர்கள் கண் முன்னால் செய்து கொடுங்கள். அதற்கு முந்தைய நாளே அந்த ஜிப் கோப்பை அவர்கள் கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு இடத்தில் போட்டுவைத்துவிடுங்கள்.