தாம்பரத்திலிருந்து மெட்ரோ: பரங்கிமலையா, கிண்டியா?

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து மெட்ரோவுக்கு மாறுபவர்கள், எங்கே இறங்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்; நேரம் மிச்சமாவது அங்கேதான்.

வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் என்றால் பரங்கிமலை. பச்சை வழித்தடம் அங்கேதான் தொடங்குகிறது, உட்காரவும் இடம் கிடைக்கும். கிண்டி வரை போய்விட்டால் நீல வழித்தடத்தில் ஒரு நிலையம் பின்னோக்கி ஆலந்தூருக்கு வந்து, தளம் மாறி, இன்னொரு ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

சைதாப்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்ஐசி என்றால் கிண்டியேதான்.

தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு மெட்ரோவே வேண்டாம்! மாம்பலத்தில் இறங்கினால் தெருவே எதிரில். எழும்பூருக்கும் அதே ரயிலில் நேராகப் போய்விடலாம்.

மெட்ரோ டிக்கெட்டை மின்சார ரயிலில் வரும்போதே வாட்ஸ்அப்பில் எடுத்துவிடுங்கள், வரிசையில் நிற்க வேண்டியதில்லை.